அலமாரிக்கு எதற்குப் பூட்டு?

கேள்வி: வயது 43. நியூஜெர்சி எடிசனில் 14 வருடமாக இருக்கிறேன். ஜாஸ் இசைத்தட்டு சேர்க்கிறேன். ப்ளூ நோட் கம்பெனியின் 1950, 60களின் முதல் பதிப்புகள்தான் குறி. 340 தட்டு ஆகிவிட்டது. இப்போது ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’, மோனோ, தட்டு எண் பிஎல்பி 1595, முதல் பதிப்பு என்று ஒருவர் 1,400 டாலருக்குத் தருகிறார். லேபிளில் கம்பெனியின் பழைய 47 வெஸ்ட் 63 முகவரி, டீப் குரூவ், ஆர்விஜி எழுத்து எல்லாம் இருக்கிறது, நிலை விஜி பிளஸ், அதாவது ‘மிக நன்று’க்கும் ஒரு படி மேல் என்கிறார். மனைவியோ, “அதே பாட்டுதானே, புதுப் பதிப்பு வாங்கினால் ஆகாதா?” என்கிறாள். அவளுக்கு இதன் அருமை தெரியாது. தட்டுகளை பேஸ்மெண்டில், ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். 10 வயது மகள் ஸ்கூல் பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸ் வாசிக்கிறாள், அவள் கை பட்டுவிடக் கூடாதென்று பூட்டி, சாவியை கார் சாவிக் கொத்தில் போட்டிருக்கிறேன். அசலா, மறுபதிப்பா? விலையை மனைவியிடம் சொல்லத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: தம்பி, அசலா மறுபதிப்பா என்பது தட்டு சேர்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதற்குப் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் ஒரு கமா இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச வேண்டும். கமாவுக்கு இந்தப் பக்கம் “மகள் ஆல்ட்டோ சாக்ஸ் வாசிக்கிறாள்”, அந்தப் பக்கம் “அவள் கை பட்டுவிடக் கூடாதென்று பூட்டி”. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியபோது எங்கும் இடறவே இல்லையா?

நீங்கள் 1,400 டாலர் கொடுத்து வாங்க நினைப்பது ஆல்ட்டோ சாக்ஸ் தட்டு. அந்த வாத்தியத்தை வீட்டில் ஊதுகிற ஒரே ஆளுக்கு அது எட்டக் கூடாது என்று சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறீர்கள். இதற்குப் பெயர் சேகரிப்பு இல்லை, பதுக்கல்.

இன்னொன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், யோசித்திருக்க மாட்டீர்கள். கேனன்பால் ஆடர்லி 1955இல் நியூயார்க் வருவதற்கு முன் என்ன வேலை பார்த்தார்? ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில், டில்லார்ட் உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியார். நடுவில் ராணுவத்துக்குப் போன காலம் தவிர, பிள்ளைகளுக்கு ஊதச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். ஸ்கூல் பேண்டு பிள்ளைக்கு எட்டக் கூடாது என்று நீங்கள் பூட்டப் போவது அந்த மனிதரின் தட்டைத்தான்.

அது எங்கே பதிவானது என்பதும் உங்களுக்குத் தெரியும்: 1958 மார்ச் 9, உங்கள் மாநிலத்திலேயே உள்ள ஹாக்கென்சாக். ஸ்டூடியோ என்று தனியாகக் கட்டடம் கிடையாது. பதிவு செய்த ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர்; அவருடைய அப்பா அம்மா வீட்டு ஹால்தான் பதிவுக்கூடம். வீடு கட்டும்போதே மகனுக்காகப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறையும், ஹாலைப் பார்க்கிற மாதிரி கண்ணாடி ஜன்னலும் வைத்துக் கட்டினார்கள். அந்த ஹாலில்தான் மைல்ஸ் டேவிஸ், ஆர்ட் பிளேக்கி என்று ஜாஸ் மேதைகள் எல்லோரும் வந்து நின்று வாசித்தார்கள். பிள்ளையின் ஆசைக்கு ஹாலையே விட்டுக்கொடுத்த பெற்றோர் இல்லாவிட்டால், உங்கள் 340 தட்டில் பாதி பிறந்தே இருக்காது. உங்களால் ஒரு அலமாரிக் கதவை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

நம் ஊரில் இதற்குக் கேள்வி ஞானம் என்று பெயர். வாத்தியார் சொல்லித்தருவது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதியைக் காதுதான் சொல்லித்தர வேண்டும். வித்வான் வீட்டுப் பிள்ளை நாலு வயதில் தாளம் போடுவதில் மாயம் ஒன்றுமில்லை, அந்த வீட்டில் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பன் கேட்கிற பாட்டைப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வைப்பது அப்பனின் கடமை. அது அப்பனின் வசதியைப் பொறுத்த சலுகை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, பிள்ளையை விடுங்கள், தட்டாவது பத்திரமாக இருக்கிறதா? அதுவும் இல்லை. நியூஜெர்சி பேஸ்மெண்ட், ரப்பர் விளிம்பு வைத்த கதவு, எப்போதாவது திறக்கிற பூட்டு. கோடையில் வெளிக்காற்றின் ஈரம் கீழே இறங்கி, குளிர்ந்த சுவரில் பட்டு நிற்கும். ஒருமுறை கதவைத் திறந்து மூடும்போது அந்த ஈரமும் உள்ளே போய் அடைபட்டுவிடும். அட்டை உறையும் உள்தாளும் அதை உறிஞ்சும். மூன்றாவது கோடையில் உறை ஓரத்தில் பழுப்புப் புள்ளி, தட்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. ப்ளூ நோட் தட்டுக்கு ரீட் மைல்ஸ் வடிவமைத்த உறைதான் பாதி விலை. அதுதான் முதலில் போகும். அந்த ரப்பரை இன்றைக்கே உரித்துப் போடுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மேல் மாடிக்கே கொண்டுபோய்விடுங்கள். பேஸ்மெண்டில்தான் இருக்கும் என்றால் டிஹியூமிடிஃபையர் ஓடட்டும், ஈரப்பதம் 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். வெளியுறை பளபளவென்று கெட்டியான பிவிசி என்றால் மாற்றுங்கள். அதிலிருந்து கசிகிற மென்மையாக்கி தட்டின் மேல் பனி படிந்த மாதிரி படலம் போடும், கழுவினாலும் போகாது. பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை போதும். தட்டு செங்குத்தாக நிற்க வேண்டும், சாயக் கூடாது.

இப்போது அந்த விற்பனைக்காரர். அவர் சொன்ன மூன்று அடையாளத்தில் ஒன்றுகூட முதல் பதிப்பை நிரூபிக்காது. ஆர்விஜி என்பது வான் கெல்டர் வெட்டிய மாஸ்டர், அதாவது மூலத் தட்டு, என்பதற்கு மட்டும் சாட்சி. 60களின் நடுவில் ப்ளூ நோட், லிபர்டி என்ற வேறு இசைத்தட்டு கம்பெனிக்குக் கைமாறிய பிறகும் அதே உலோக அச்சை வைத்துத் தட்டு அடித்தார்கள். அந்த எழுத்தும் கூடவே வந்தது. டீப் குரூவ், அதாவது லேபிளில் பதிந்த அந்தப் பள்ள வளையம், அச்சு இயந்திரத்தின் பழைய பாகம் விட்ட தடம். பழைய பாகமும் புதியதும் 60களிலும் கலந்து ஓடின. லேபிள் முகவரி கொஞ்சம் பலமான சாட்சி. ஆனால் 47 வெஸ்ட் 63 லேபிளிலேயே பின்னாளில் ‘இங்க்’ (இன்கார்ப்பரேட்டட் என்பதன் சுருக்கம்) என்ற சொல்லும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் சேர்ந்தன. 1958இன் தட்டில் இரண்டும் இருக்கக் கூடாது, இரண்டு பக்க லேபிளிலும்தான். ஒரு பக்கம் மட்டும் படம் அனுப்புகிற ஆளிடம் மறுபக்கத்தைக் கேளுங்கள்.

அவர் வாயே திறக்காத அடையாளம் ஒன்று இருக்கிறது: காது. அப்போது ப்ளூ நோட்டுக்குத் தட்டு அடித்தது பிளாஸ்டிலைட், உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில் உள்ள நார்த் பிளெயின்ஃபீல்டில் இருந்த ஆலை. அவர்கள் பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில், சாய்த்து எழுதிய ஒரு ‘பி’ எழுத்தைப் பதிப்பார்கள். பார்க்க மனிதக் காது மாதிரி இருக்கும். லிபர்டி வந்ததும் காது நின்றுவிட்டது, ஆனால் மிச்சமிருந்த பழைய லேபிள்களை ஒட்டுவது நிற்கவில்லை. பழைய லேபிள், ஆர்விஜி, காது இல்லை: இந்தச் சேர்க்கையில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள். மங்கலான பக்கவாட்டு வெளிச்சத்தில், வளையத்தைச் சாய்வாகப் பிடித்து இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

காது இருந்தாலும் விஜி பிளஸ் என்பது கண்ணால் போட்ட மார்க். தட்டைத் தானே மாற்றிப் போடும் 50களின் சேஞ்சர்களில் ஊசி 5 கிராமுக்கு மேல் அழுத்தும்; தட்டு கண்ணாடி மாதிரி மின்னும், பள்ளத்தின் சுவர் மட்டும் தேய்ந்திருக்கும். அது தெரிவது தட்டின் உள்வட்டத்தில், ஓங்கி ஊதுகிற இடத்தில். இந்தத் தட்டில் அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: இரண்டாம் பக்கத்தின் கடைசி, ‘டான்சிங் இன் த டார்க்’. முழுக்க ஆடர்லியின் ஆல்ட்டோ, லேபிளை ஒட்டிய பள்ளங்களில். அதன் கடைசி ஒன்றரை நிமிடத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். சொடக்குச் சத்தம் தூசியாக இருக்கலாம், கழுவினால் போகும். ஆல்ட்டோ உச்சத்தில் அப்பளம் பொரிகிற மாதிரி கரகரத்தால் அது தேய்மானம், எந்தத் தண்ணீரும் அதைத் தீர்க்காது.

இத்தனையும் தேறினால் 1,400 கொடுக்கலாமா? கொடுக்கலாம். 1958இல் வான் கெல்டரே கையால் வெட்டிய மோனோவின் முகத்திலறைகிற அந்த நெருக்கம் மறுபதிப்பில் வராது. இங்கே உங்கள் மனைவி சொல்வது தப்பு. ஆனால் அவர் சொன்ன இன்னொரு பாதி சரி, அதை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ப்ளூ நோட் கிளாசிக் வைனல் வரிசையில் இதே ஆல்பம் இருக்கிறது: மூல நாடாவிலிருந்து கெவின் கிரே வெட்டியது, ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலையில் அடித்த 180 கிராம் தட்டு, ஸ்டீரியோ. 30 டாலர் அளவில் கிடைக்கும். விற்பனைக்காரரின் பதில் வருவதற்குள் அதை வாங்குங்கள். உங்களுக்கு இல்லை. உறையின் பின்புறம் உங்கள் மகளின் பெயரை எழுதுங்கள்; மதிப்புப் போய்விடும் என்று பயப்படாதீர்கள், 30 டாலர்தான்.

நீங்கள் எந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆடியோ டெக்னிகா விஎம் 95 வரிசை என்றால் வேலை சுலபம், ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். அவள் வாசிக்கும்போது அந்த வரிசையிலேயே மலிவான கூம்பு ஊசியைப் போடுங்கள், அழுத்தம் 2 கிராம். வேறு வகை என்றால் அதற்குச் சொன்ன அழுத்தம். பத்து வயதுக் கை எங்கே தவறும் தெரியுமா? ஊசியை இறக்கும்போது இல்லை, எடுக்கும்போது. கையால் தூக்கப் போய் வழுக்கி, ஊசி குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்று: ஊசிக் கையைத் தூக்குவதும் இறக்குவதும் அதன் பக்கத்திலுள்ள லிவரால் மட்டும். ஊசிக் கையை மேலே நகர்த்தி இடம் பார், லிவரை இறக்கு. முடிந்ததும் லிவரை ஏற்று, அப்புறம்தான் ஊசிக் கையைத் தொடு. தட்டை ஓரத்திலும் லேபிளிலும் பிடிப்பது ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். கை கழுவுவது வர ஒரு மாதம் ஆகும்.

முதல் பாட்டு ‘ஆட்டம் லீவ்ஸ்’. மெட்டை வாசிப்பது மைல்ஸ் டேவிஸ், ஹார்மன் மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பான்) அடைத்த டிரம்பெட்டில். அதற்கப்புறம்தான் ஆல்ட்டோ நுழைகிறது. பாட்டு ஜி மைனரில் இருக்கிறது. ஆல்ட்டோ ஈ ஃபிளாட் வாத்தியம் என்பதால் உங்கள் மகளுக்கு அது ஈ மைனர்: ஒரே ஒரு ஷார்ப் உள்ள, பேண்டு பிள்ளைகளுக்குக் கைக்கு வரக்கூடிய ஸ்கேல். மெட்டின் முதல் நாலு ஸ்வரம் அவள் விரலில் ஈ, எஃப் ஷார்ப், ஜி, மேலே தாவி சி. அந்த நாலை வாசிக்கட்டும், தட்டு ஓடட்டும், லிவரை ஏற்றட்டும், மறுபடி வாசிக்கட்டும். ஒரே இடத்தில் நாற்பது தடவை ஊசி விழும். மறுபதிப்பு வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை: டர்ன்டேபிளின் வேகத்தை முதலில் சரிபாருங்கள். 1 சதவீதம் வேகம் கூடினால் சுதி சுமார் 17 சென்ட் ஏறும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பிள்ளை சரியாக ஊதியும் தட்டோடு சேராது, தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். வேகம் காட்டும் ஸ்ட்ரோப் அட்டையோ பரிசோதனைத் தட்டோ வைத்துப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் ‘ஒன் ஃபார் டாடி-ஓ’ முடிகிற இடத்தில் மைல்ஸின் கரகரத்த குரல் கேட்கும்: ஆல்ஃபிரட், நீங்கள் கேட்டது இதுதானா என்று தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயனைக் கேட்கிறார். அதை அவளே கண்டுபிடிக்கட்டும், முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

அலமாரியில் உள்ள 340 தட்டு? அவள் லிவரில் கை பழகியதும் ஒவ்வொரு தட்டாக, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. சாவியைக் கொத்திலிருந்து எடுத்து பூட்டிலேயே விட்டுவிடுங்கள்.

விலையை மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும். அனுப்பும் கூலியையும் சேர்த்து.