பேஸ்ட் எது என்பது கடைசிக் கேள்வி

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். ஏழு வயது மகனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துக் குழி விழுந்திருக்கிறது. விழுகிற பல்தானே என்று விட்டுவிட்டோம். ஒன்றரை வயது மகளுக்கு மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது. கணவருக்குப் பல் தேய்த்தாலே ரத்தம் வருகிறது. மாமனார் இன்னமும் உப்பும் கரியும்தான். மாமியாருக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு, வெற்றிலை போடுவார். சில மாதங்களாக ரசம் சோறுகூட வாயில் எரிகிறது என்கிறார். எங்கள் ஆறு பேருக்கும் பொதுவாக எந்த பேஸ்ட் வாங்கலாம்?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னவரிடமிருந்து தொடங்குகிறேன். கறுத்த பல்லும் ரத்தம் வரும் ஈறும் ஒரு வாரம் பொறுக்கும். வெற்றிலை போடுகிறவர் வாய் எரிகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் அது பொறுக்காது.

நாளைக் காலையில் உங்கள் அத்தையை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தக் கன்னத்தில் வெற்றிலையை அதக்குகிறாரோ அதை விரலால் விலக்கிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். துடைத்தும் போகாத வெள்ளை, சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்து, அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால், பாக்கு கன்னத்தின் உட்சதையை நார் நாராக இறுக்கத் தொடங்கியிருக்கலாம். அந்த நோயில் காரம் தாங்காத எரிச்சல்தான் பெரும்பாலும் முதலில் வரும்.

"புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. சீவலும் அதில் அடக்கம். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சாப்பிட்ட பிறகு, மத்தியானம், படுக்கப் போகும்போது என்று அன்றாடம் அதக்கும் பாக்கைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. வேலை நாளாகப் பார்த்துக் காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டுங்கள். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள், காதில் வாங்க வேண்டாம். எரிகிற வாயெல்லாம் புற்றுநோய் அல்ல. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வரும் பூஞ்சைத் தொற்றும் எரியும், இரும்புச் சத்துக் குறைவும் எரியும். எது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அப்படியே அவருடைய ஈறையும் காட்டிவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கும்.

இனி உங்கள் மகன். கறுத்திருப்பது விழுகிற பல்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மேல் உதட்டின் நடுவிலிருந்து, கீழ்த்தாடை என்றால் கீழ் உதட்டின் நடுவிலிருந்து, ஒரு பக்கமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். விழுந்து காலியாக இருக்கும் இடத்தையும் ஒரு பல்லாகக் கணக்கில் சேருங்கள். நான்காவதும் ஐந்தாவதும் பால் பற்கள். ஆறாவது இருந்தால் அது நிலையான பல். ஆறு வயதுவாக்கில் எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைத்துவிடுவதால் பெற்றோர் பலரும் அதைப் பால் பல் என்றே நினைக்கிறார்கள். அது போனால் போனதுதான். ஆறாவது பல்லில் குழி இருந்தால் அத்தையோடு இவனையும் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருந்தாலும் அடைத்துவிடுவதுதான் நல்லது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை நின்று, கீழிருந்து வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்துவைக்கின்றன. முன்கூட்டியே பிடுங்கினால் பின்பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப் பல் கோணலாக வரும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் நாள் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். வலிக்கிற இடத்தில் மாத்திரையைப் பொடித்து வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும்.

குட்டி மகளின் வெள்ளைக் கோடு சொத்தையின் தொடக்கம். நல்லவேளையாக, இந்தக் கட்டத்தில் அதைத் தடுத்து நிறுத்த முடியும். பழுப்பு நிறமானால் கடினம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குகிறாளா? அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பாலில் சீனியோ கற்கண்டோ போடாதீர்கள். கருப்பட்டியும் பல்லுக்குச் சர்க்கரைதான்.

இந்த இனிப்புக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும். சாயங்காலம் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்தால் ஒன்றும் ஆகாது. பையன் பள்ளிக்கூட வாசலில் வாங்கிய கமர்கட்டை மாலை முழுவதும் கடைவாயில் ஒட்டவைத்துக்கொண்டு அலைவதுதான் பல்லைத் தின்னும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதைப் பாருங்கள்.

உங்கள் கணவர் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து, அந்த இடத்தைத் தொடாமல் தேய்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதனால்தான் இன்னும் வருகிறது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஈறை ஒட்டி மஞ்சளாக மேடு தட்டியிருந்தால் அது காரை. எந்த பேஸ்ட்டுக்கும் அது அசையாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்பது தவறு. இடுக்கில் இருந்த காரை போனதும் இடைவெளி தெரியும், சில நாள் கூசும், அவ்வளவுதான்.

மாமனாரின் கீழ் உதட்டைச் சற்று இறக்கி, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கினால் அது கரியும் உப்பும் அறுத்த தடம். வேப்பங்குச்சி வேண்டுமானால் மென்று மிருதுவாக்கி மேலும் கீழுமாகத் தேய்க்கட்டும்.

இப்போது பேஸ்ட். சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அளவில் உள்ள எதுவானாலும் சரி, விலை கூடியதில் கூடுதல் பலன் இல்லை. மகளுக்கு அரிசி அளவு, மகனுக்குப் பட்டாணி அளவு. மகனுக்கு எட்டு வயதுவரை நீங்களே தேய்த்துவிடுங்கள். எல்லோரும் இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம் தேய்த்துத் துப்பட்டும், அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காலையில் மட்டும் தேய்ப்பது நம் வீடுகளின் பழக்கம். ஒருவேளைதான் என்றால் இரவையே நான் தேர்ந்தெடுப்பேன்.

குடிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பேஸ்ட்டில் நல்லது செய்யும் ஃப்ளோரைடு குடிநீரில் மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறுங்கள். கொதிக்கவைத்தால் அது போகாது.

ஆறு பேர் என்று எழுதிவிட்டு ஐந்து பேர் வாயைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அத்தையின் மாத்திரைப் பட்டைகளையும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பல் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு போக வேண்டாம். வழக்கமான சாப்பாடும் மாத்திரையும் முடித்துக் கிளம்புங்கள். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பஸ் நிறுத்தத்திலேயே யாராவது சொல்வார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.