ஊர் சிரிக்கும் காரை வாங்கலாமா?

கேள்வி: பழைய ஃபியட் மல்டிப்ளா ஒன்றின் மேல் எனக்கு ஒரு கண். வீட்டில் ஆறு பேர், ஆறு பேரும் அதில் உட்காரலாம். ‘இதை விற்கப் போனால் சீந்த ஆள் இருக்காது’ என்கிறார் மைத்துனர். வாங்கலாமா?

பதில்: மைத்துனர் சொல்வது பாதி சரி. விற்கும்போது பெரிய விலை போகாதுதான். ஆனால் நீங்கள் வாங்கப்போவது பழைய வண்டி. பெரிய விலைச் சரிவை, அதைப் புதிதாக வாங்கியவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். ஊர் சிரிப்பதால்தான் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது.

ஆசையும் அர்த்தமில்லாதது அல்ல. 1998-ல் வந்த மல்டிப்ளாவின் நீளம் 4 மீட்டர்கூட வராது. அதற்குள் முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஆறு இருக்கை வைக்க, வண்டியை அகலமாக்கினார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு மடிப்பு, அதில் ஒரு ஜோடி விளக்கு. கேலியெல்லாம் அந்த மடிப்புக்குத்தான். 2004-ல் முகத்தைச் சாதாரணமாக்கினார்கள். எனக்கென்னவோ அதோடு களையும் போய்விட்டது. குறையை மறைக்காத வண்டிமேல் ஜனங்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சின்ன வண்டி என்பதையே 1959-ல் அமெரிக்காவில் விளம்பரமாக்கினார்கள். 2003-ல் உற்பத்தி நிற்பதற்குள் 2 கோடிக்கு மேல் தயாரானது.

பணம் கரையும் இடம் உதிரி பாகம். ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலானது. அந்த வண்டிக்காரர்களுக்குப் பாகம் தேடுவதே ஒரு வேலை. உங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. மல்டிப்ளாவின் இன்ஜின்கள் மற்ற ஃபியட் கார்களிலும் ஓடியவை. முன்கண்ணாடி, விளக்கு, கதவு அப்படியல்ல, அந்த வண்டிக்கே உரியவை. சந்தை மதிப்பு குறைந்த வண்டி என்பதால், லேசாக இடித்தால்கூட ரிப்பேர் செலவு அந்த மதிப்பைத் தாண்டலாம். அப்போது இன்சூரன்ஸ்காரர் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்து, சந்தை மதிப்பை மட்டும் கையில் கொடுப்பார்.

கடன் வாங்கி இதை வாங்காதீர்கள். வண்டி நின்ற பிறகும் தவணை நிற்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் முன்கண்ணாடியும் ஒரு ஜோடி விளக்கும் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரியுங்கள். அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைத்த பிறகும் கையில் மிச்சமிருந்தால் வாங்குங்கள். பாகம் கிடைக்கும் இடமே தெரியவில்லை என்றால் வேண்டாம்.