எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் குதிகால் வலிக்கிறது: ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 22. காவலர் உடற்தகுதித் தேர்வுக்காக 5 வாரமாகத் தினமும் காலையில் தார்ச்சாலையில் ஓடுகிறேன். 10 நாளாக வலது குதிகாலில் வலி. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். குதிகால் வாதம்தான், ஒரு ஊசி போட்டால் போய்விடும் என்கிறார்கள். தேர்வுக்கு 2 மாதம் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்கு ஊசியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்மா.

10 நாள் வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயை நம்பி முடிவு செய்யக் கூடாது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் மயிரிழை விரிசல் முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எலும்பு ஆறத் தொடங்கிப் புது எலும்பு சேர்ந்த பிறகுதான் குதிகால் எலும்பில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். எம்ஆர்ஐ ஸ்கேனில் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

அடிபடாமல் எலும்பு எப்படி விரியும் என்று கேட்பீர்கள். சாலை போடுகிறவர்கள் முதலில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகுதானே புதுசு போடுகிறார்கள்? எலும்பும் அப்படித்தான். திடீரென்று பளு கூடினால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, அந்த இடத்தில் புது எலும்பு கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். நடுவில் இருக்கும் அந்த மெலிந்த நாட்களிலும் லாரி போவது போல நீங்கள் தினமும் ஓடிக்கொண்டிருந்தால் விரிசல் விழத்தான் செய்யும். ஓட ஆரம்பித்து ஒரு மாதம் சுமாருக்குப் பலரும் இந்த வலியோடு வருவது இதனால்தான். 1855லேயே பிரைத்தாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார், எக்ஸ்ரே கண்டுபிடிக்க அப்போது இன்னும் 40 வருடம் இருந்தது.

சரி, குதிகால் வாதமா விரிசலா? வாதமென்றால் (நாங்கள் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்போம்) காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் நாலு அடியில்தான் உயிர் போகும், நடக்க நடக்கக் குறையும். விரிசல் வலி நேர்மாறு: ஓட ஓட ஏறும், உட்கார்ந்தால் தணியும், முற்றினால் ராத்திரி படுத்திருக்கும்போதும் விண் விண்ணென்று தெறிக்கும். இன்னொன்றும் செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் குதிகாலின் இரு பக்கமும் வைத்து நடுவில் அழுத்துங்கள். அடியில் கட்டைவிரலால் குத்தும்போது வலிப்பதைவிட இப்படிப் பக்கவாட்டில் அழுத்தும்போது சுள்ளென்று வலித்தால் எனக்கு எலும்பின் மேல்தான் சந்தேகம் வரும்.

இந்த நிலையில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி அடங்கும், நீங்களும் ஓடுவீர்கள், விரிசல் பெரிதாகும். எனக்குப் பயமே அதுதான். சுட்ட செங்கல்லில் எருக்கிலையை வைத்து ஓங்கி மிதிப்பதும் வேண்டாம். வலி தாங்கவில்லையென்றால் பாரசிட்டமால் போதும்.

ஸ்கேனில் விரிசல் உறுதியானால் 6 முதல் 8 வாரம் ஓட்டம் கிடையாது. சும்மா நடந்தாலே வலித்தால் வாக்கிங் பூட்டோ ஊன்றுகோலோ தேவைப்படும். வலி இல்லாதவரை நீச்சலும் சைக்கிளும் தாராளமாகச் செய்யலாம், மூச்சுத் திறன் இறங்காது. அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்தபின் மண் தரையில் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று தொடங்கலாம். இந்த முறை தேர்வுக்கு நீங்கள் நினைத்த வேகத்தில் ஓட முடியாமல் போகலாம். 22 வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைகுறையாக ஆறிய குதிகாலோடு ஓடி, அடுத்த தேர்வையும் சேர்த்து இழந்துவிடக் கூடாது.

குதிகால் விரிசல் ஓய்விலேயே நன்றாக ஆறிவிடும், அந்த விதத்தில் நிம்மதி. பாதத்தின் மேற்புறம் கணுக்காலுக்குச் சற்று முன்னாலோ, சுண்டுவிரல் பக்கத்து வெளி விளிம்பிலோ வலி என்றால்தான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, அங்கே ரத்த ஓட்டம் குறைவு, சில சமயம் திருகாணி போட வேண்டி வரும்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? எடை குறைக்க வேண்டுமென்று ராத்திரி சாப்பாட்டை விட்டிருக்கிறீர்களா? சாப்பாடு போதாமல் மாதவிடாய் தள்ளிப்போனால் எலும்பும் கூடவே பலம் இழக்கும். அப்படியிருந்தால் ஸ்கேனுக்குப் போகும்போது அந்த டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.