தாடையில் முளைக்கும் முடி: பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம்

கேள்வி: எனக்கு 27 வயது. நான்கைந்து வருடங்களாகத் தாடையிலும் அதற்குக் கீழே கழுத்துப் பக்கமும் கறுப்பாக, தடிமனாக முடி வளர்கிறது. தினமும் காலையில் ட்வீஸரால் பிடுங்கிவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறேன். பிடுங்கிப் பிடுங்கி அந்த இடமே கறுத்து, சின்னச் சின்னக் கொப்புளமாக இருக்கிறது. ஷேவ் செய்தால் இன்னும் முரட்டுத்தனமாக வளரும் என்கிறார்கள். லேசர் செய்தால் ஒரேயடியாகப் போய்விடுமா? எனக்கு மாதவிடாய் 45 நாளுக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பிரச்சினையோடு வரும் பெண்களில் பலர் அதை முதலில் சொல்வதே இல்லை. பரு என்பார்கள், தலைமுடி கொட்டுகிறது என்பார்கள். எல்லாம் பேசி முடித்து, எழுந்து கதவருகே போன பிறகு, தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு, "டாக்டர், இன்னொன்று கேட்கலாமா?" என்று திரும்புவார்கள். அவர்கள் வந்ததே அதற்காகத்தான் என்பது அப்போதுதான் புரியும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இப்படி முடி வளர்கிறது. உங்களுக்கு மட்டும் வந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம், அத்தனை பேரும் உங்களைப் போலவே விடிவதற்குள் எழுந்து பிடுங்கிவிட்டு வெளியே வருவதுதான்.

லேசரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 45 நாள். ஆமாம், சம்பந்தம் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

எல்லாப் பெண்களின் முகத்திலும் மெல்லிய, நிறம் குறைந்த பூனைமுடி உண்டு. ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் (டெஸ்டோஸ்டிரோன் அதில் ஒன்று) பெண் உடலிலும் கொஞ்சம் சுரக்கும். அவற்றின் அளவு கூடினாலோ, அளவு சரியாக இருந்தும் மயிர்க்கால்கள் அவற்றுக்கு அதிகமாகச் செவிசாய்த்தாலோ, அந்தப் பூனைமுடி தடித்துக் கறுத்த முடியாக மாறிவிடுகிறது. மேல் உதடு, தாடை, கிருதா, மார்பு, தொப்புளுக்குக் கீழே என்று குறிப்பிட்ட இடங்களில்தான் இது நடக்கும். கை கால் முழுக்க மென்முடி கூடுதலாக இருப்பது வேறு விஷயம். அது பெரும்பாலும் பரம்பரை, அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

இப்படி வளர்வதற்குப் பெரும்பாலான பெண்களிடம் காரணமாக இருப்பது பிசிஓஎஸ், அதாவது 'சினைப்பை நீர்க்கட்டி' என்று பலரும் சொல்லும் ஹார்மோன் கோளாறு. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அதன் அளவு ரத்தத்தில் கூடுகிறது. கூடிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனை அதிகம் சுரக்க வைக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடையில் முடி வளர்வதும் ஒரே வேரிலிருந்து கிளம்புகிற இரண்டு கிளைகள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "ஸ்கேன் எடுத்தேன், நீர்க்கட்டி இல்லை, அதனால் எனக்கு பிசிஓஎஸ் இல்லை" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 2003-இல் ராட்டர்டாம் நகரில் வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி (உடலில் தெரிந்தாலும் சரி, ரத்தத்தில் தெரிந்தாலும் சரி), ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே போதும், வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிசிஓஎஸ் என்று சொல்லலாம். உங்களிடம் முதல் இரண்டும் இருப்பதுபோல் தெரிகிறது. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் கேள்வி முடிந்துவிடாது.

முகம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதைக் கண்டுபிடிப்பது உங்கள் உடம்புக்கே தேவை. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் இருப்பது அடிக்கடி நடந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதல்ல. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். அதனால் மொத்த டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகிய பரிசோதனைகளைப் பொதுவாகக் கேட்போம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு குறைபாடும் அச்சு அசலாக பிசிஓஎஸ் போலவே வேஷம் போடும், அதற்காக 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்று ஒரு பரிசோதனை உண்டு. மாதவிடாய் வந்த முதல் சில நாட்களில், காலையிலேயே ரத்தம் கொடுப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது ஹார்மோன் அளவுகளை மறைத்துவிடும்.

சில பேருக்கு மாதவிடாய் சரியாக வரும், எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கும், முடி மட்டும் வளரும். அவர்களுடைய மயிர்க்கால்கள் ஆண்ட்ரோஜனுக்கு அதிகமாகச் செவிசாய்ப்பவை, அவ்வளவுதான். மாதவிடாய் நிற்கும் வயதில் தாடையில் இரண்டு மூன்று கம்பி முடிகள் தலைகாட்டுவதும் சகஜம். ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடுவதால் இருக்கிற ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது.

ஆனால் ஒன்று. சில மாதங்களுக்குள் திடீரென்று நிறைய முடி வளர்ந்து, குரல் கட்டைக் குரலாகி, தலையின் முன்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உங்களுடையது நான்கைந்து வருடமாக மெல்ல வந்தது, அதனால் நான் அந்தப் பக்கம் கவலைப்படவில்லை.

சரி, இப்போது ட்வீஸருக்கு வருவோம். உங்கள் தாடை கறுத்திருப்பதற்கு முடியைவிடப் பிடுங்குவதுதான் காரணம். பிடுங்கும்போது பல முடிகள் வேரோடு வருவதில்லை, தோலுக்குக் கீழே ஒடிந்துவிடுகின்றன. மீண்டும் வளரும்போது நுனி வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே சுருண்டு குத்துகிறது. அதுதான் நீங்கள் சொல்லும் கொப்புளம். அதை நகத்தால் கிள்ளி, ட்வீஸர் நுனியால் கிண்டி எடுப்பீர்கள். அது புண்ணாகும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எந்தப் புண் ஆறினாலும் மெலனின் என்ற நிறமி கூடி, ஒரு கறுப்புத் தடத்தை விட்டுத்தான் போகும். அந்தத் தடம் மறைய மாதக்கணக்காகும். நீங்களோ மறுநாள் காலையே மறுபடி உட்கார்ந்துவிடுகிறீர்கள். இரண்டு முடி இருந்தால் பிடுங்கலாம், தப்பில்லை. இருபது முப்பது என்றால் பிடுங்குவதை நிறுத்துங்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? ஷேவ் செய்யுங்கள். இதைச் சொன்னாலே எதிரில் இருப்பவர்கள் அதிர்ச்சியாகப் பார்ப்பார்கள். ஷேவ் செய்தால் முடி தடிக்காது, வேகமாகவும் வளராது. 1928-இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் இதைச் சோதித்து எழுதிவிட்டார், பிறகு வந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்லின. பிளேடு படுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற தண்டில், மயிர்க்காலுக்கு அந்தச் சேதியே போவதில்லை. இயல்பான முடியின் நுனி ஊசிபோலக் குறுகி இருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருக்கும். விரலால் தடவும்போது சொரசொரப்பது அந்தத் தட்டை நுனிதான். அதைத்தான் "தடிச்சுப் போச்சு" என்று நினைக்கிறோம்.

செய்யும் விதம் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீரால் முகத்தை நனைத்து, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். முடி ஊறி மென்மையாகும். ஷேவிங் ஜெல் தடவி, புதிய ரேஸரை முடி வளரும் திசையிலேயே லேசாக ஓட்டுங்கள். தாடைக்குக் கீழே முடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் படுத்திருக்கும், அதனால் முதல் நாள் விரலால் தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம், இழுத்துப் பிடித்து வெட்டினால் முடி தோலுக்குள்ளே போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டவும் வேண்டாம். முடிந்ததும் மணமில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். கறுப்புத் தடம் மங்க வேண்டுமானால் சன்ஸ்கிரீன் இல்லாமல் வேறு எதுவும் வேலை செய்யாது. உங்களுடைய ரேஸரை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

த்ரெடிங்கும் வேக்ஸிங்கும் பிடுங்குவதன் வேறு வடிவங்கள்தான். மேல் உதட்டுக்குச் சரி, கொப்புளம் வருகிற தாடைக்கு வேண்டாம். முடி நீக்கும் கிரீம் முடியின் புரதப் பிணைப்பை உடைத்துக் கரைக்கிறது. தோலும் அதே இனத்துப் புரதம்தான் என்பதால் எரிச்சல் வரலாம். முதலில் காதுக்குக் கீழே கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பிளீச் செய்வது கறுத்த தோலில் எடுபடாது, மஞ்சள் முடி பளிச்சென்று தெரியும்.

இனி லேசர். முடியில் இருக்கும் கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு மயிர்க்காலைச் சேதப்படுத்துகிறது. அதனால் வெள்ளை முடிக்கு லேசர் பலிக்காது. பிடுங்கிய இடத்திலும் பலிக்காது, ஏனென்றால் உள்ளே சூடாக எதுவுமே இல்லை! லேசருக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பிருந்தே பிடுங்குவதையும் வேக்ஸிங்கையும் நிறுத்திவிட வேண்டும். ஷேவ் செய்யலாம். வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே ஒவ்வொரு முறையும் சிக்கும் என்பதால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு எட்டு முறையாவது தேவைப்படும்.

"ஒரேயடியாகப் போய்விடுமா?" என்று கேட்டீர்கள். போகாது. நன்றாகக் குறையும், மிச்சமிருப்பது மெலிதாகும், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மறுபடி செய்ய வேண்டிவரும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏகூட லேசர் கருவிகளுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்ற சொல்லைத்தான் அனுமதிக்கிறது, 'நிரந்தர நீக்கம்' என்று சொல்ல விடுவதில்லை. ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் ஒரு பக்கம் முடியை அழிக்க, மறுபக்கம் புதுப் பூனைமுடி தடித்துக் கிளம்பிக்கொண்டே இருக்கும். "அத்தனை முறை செய்தும் வந்துவிட்டது" என்று அழும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது மாதவிடாய் பற்றித்தான்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி, குறிப்பாகத் தாடையோரத்திலும் கழுத்திலும், இருந்த மென்முடி தடித்து வளர்ந்துவிடுகிறது. ஹார்மோன் கோளாறு உள்ள, கறுத்த தோலுள்ள பெண்களிடம் இது கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. அதனால் தடித்த முடி உள்ள இடத்துக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள், கன்னத்துப் பூனைமுடியையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மிகப் பாதுகாப்பானது. எந்தக் கருவி, என் தோலுக்கு என்ன அளவு, முதலில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

வெள்ளை முடிக்கும், எண்ணிக்கையில் குறைந்த முடிக்கும் எலெக்ட்ராலிசிஸ் நல்லது. 1875-இல் சார்லஸ் மிஷல் என்ற கண் மருத்துவர், உள்பக்கமாக வளர்ந்து கண்ணைக் குத்தும் இமை முடியை எடுக்கப் பயன்படுத்திய முறை இது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரத்தால் அழிப்பார்கள். பொறுமை வேண்டும், கை தேர்ந்தவரும் வேண்டும்.

மருந்துகளில் முதலிடம் கருத்தடை மாத்திரைக்கு. அது மாதவிடாயையும் ஒழுங்காக்கும், ஆண்ட்ரோஜனையும் அடக்கும். கண்ணில் பூச்சி பறந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் ஆகாது, அதனால் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஆறு மாதத்தில் போதவில்லை என்றால் ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்ப்போம். அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது, ஆண் கருவாக இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும். எஃப்லோர்னிதின் என்ற 13.9 சதவீத கிரீம் வளர்ச்சியை மந்தமாக்கும். இரண்டு மாதம் பூசினால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் ஏறக்குறைய அதே அளவு காலத்தில் பழையபடி ஆகும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிடாய்க்கும் உதவும், முடிக்கென்று அதை நம்ப முடியாது. உடல் எடை அதிகமிருந்தால் அதில் 5 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் திரும்ப ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் எடையைச் சொல்லி உங்களைக் குற்றவாளியாக்க யாரையும் விடாதீர்கள்.

எந்த மாத்திரையானாலும் ஆறு மாதம் கொடுங்கள். இருக்கும் முடி தன் ஆயுளை முடித்து விழுந்து, அடுத்தது மெலிதாக முளைக்க அவ்வளவு காலம் பிடிக்கும். இரண்டாவது மாதத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். இடைப்பட்ட காலத்துக்குத்தான் ரேஸர்.

முகம் வெளுக்கும் என்று கைமாறி வரும் கிரீம்களைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவப்பதோடு, நீங்கள் எதை ஒழிக்கப் பார்க்கிறீர்களோ அந்த முடியே கூடுதலாக வளரும்.

தோல் மருத்துவர், மகளிர் மருத்துவர், ஹார்மோன் மருத்துவர் மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் தொடங்கலாம். போவதற்கு முன் நான்கைந்து நாளாவது முடியை எடுக்காமல் விட்டால் எங்களுக்குச் சரியாகப் பார்க்க முடியும். அதற்கு மனம் வரவில்லை என்றால், ஒரு நாள் காலை ஷேவ் செய்வதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில், தாடையைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதி எடுத்துப் போங்கள். வலிப்புக்கான சில மருந்துகளாலும் முடி வளரும். உட்கார்ந்தவுடன், முதல் வாக்கியமாக, தாடையில் முடி வளர்கிறது என்று சொல்லுங்கள்.