பழைய போர்வீல் டிரக்: சுரண்டுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

கேள்வி: தாத்தா ஓட்டிய போர்வீல் டிரைவ் டிரக் ஒன்று 15 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜின் இறுகவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. ஆனால் உடம்பெல்லாம் துரு. டிரைவர் காலடியில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. வீட்டிலேயே சரிசெய்ய ஆசை. ஆங்கிள் கிரைண்டரும், கம்பி தானாக வெளியே நீளும் சின்ன மிக் வெல்டிங் மெஷினும் வாங்கிவிட்டேன். துருவின் மேல் பூசும் கன்வெர்ட்டரைத் தடவி, மேலே பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் நண்பர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயிண்ட் டப்பாவை ஓரமாக வையுங்கள், கிரைண்டரையும்தான். முதல் வாரத்துக்கு ஒரு சின்னச் சுத்தியல், கூரான குத்தூசி, நல்ல டார்ச், ஒரு சாக்பீஸ் போதும்.

இந்த மாதிரி வண்டியில் பாரம் தாங்குவது சேசிஸ். இரண்டு நீளச் சட்டங்கள், இடையில் குறுக்குச் சட்டங்கள் என்று ஏணி மாதிரி இருக்கும். கேபினும் பின்பெட்டியும் அதன் மேல் ரப்பர் வைத்து போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவைதான். காலடி ஓட்டை பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் தகடு வெட்டி வைத்தால் தீர்ந்துவிடும் வேலை அது. சேசிஸ் உளுத்திருந்தால் கதை வேறு. வெளித்தோற்றத்தை நம்பவே முடியாது. 1948-ல் வந்த லேண்ட் ரோவர் வகையறாவின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை. மேலே செந்துருவே தெரியாது, அடியில் இரும்புச் சேசிஸ் பிஸ்கட்டாக நொறுங்கிக்கொண்டிருக்கும்.

சரி, தட்டலாம். வண்டியைக் கெட்டியான தரையில் நிறுத்தி, ஸ்டாண்டு மேல் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டத்தை நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சுத்தியலைத் திருப்பித் தள்ளும். உளுத்த இடத்தில் சத்தம் 'டொப்' என்று அமுங்கும், உள்ளே சரசரவென்று துருச் செதில் உதிர்வதும் கேட்கும். அங்கே குத்தூசியை அழுத்திப் பாருங்கள். இறங்கினால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகள், பெட்ரோல் டேங்குக்கு மேல்பக்கம், கேபின் உட்காரும் ரப்பர்களின் அடி ஆகிய இடங்களில் அவசரப்படாதீர்கள். பெட்டி வடிவச் சட்டம் உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே பெயிண்ட் மினுங்கும்.

அடுத்த நாள் சாக்பீஸ் வட்டங்களை எட்ட நின்று பாருங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலே எங்கேயோ தண்ணீர் வரும் வழி ஒன்று இருக்கும், அல்லது சேறு தங்கும் மூலை ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்ட வேண்டிவரும். என் சொந்த அனுபவம்தான். அழகாகத் தரை வெல்டு செய்து பெயிண்டும் அடித்தேன், மறுவருடமே மிதியடிக்குக் கீழே ஈரம். குற்றவாளி தரையே இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் தொட்டியின் வடிகால் துளையை மட்கிய இலை அடைத்திருந்தது. தண்ணீர் அங்கே நிரம்பி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து, காலடிக்கு வந்து சேர்ந்தது. உங்கள் ஓட்டையும் டிரைவர் காலடியில்தான் என்பதால் முதலில் இந்தச் சோதனை: ஒருவர் வெளியே நின்று கண்ணாடியைச் சுற்றி ஹோஸ் பிடிக்கட்டும், நீங்கள் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுங்கள். பத்து நிமிடத்தில் விடை சொட்டும், உங்கள் நெற்றியிலேயேகூட.

அப்புறம்தான் கழற்றுவது. முழுசாகப் பிரித்துப் போட்டுவிட வேண்டும் என்று கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நூறு பெட்டிகளில் போல்ட்டாகக் கிடக்கும் வண்டிகளில் பல மறுபடி வண்டியாவதே இல்லை. ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, மாட்டி, அடுத்ததுக்குப் போங்கள். வண்டி எப்போதும் நான்கு சக்கரத்தில் உருளும் நிலையில் இருக்கட்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விட்டுக்கொண்டிருங்கள். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு கழற்றினால் உடைவது குறையும். ஆறுபட்டை சாக்கெட்டையே போடுங்கள், பன்னிரண்டு பட்டை தலையை உருட்டிவிடும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

துரு நீக்க ஒரே ஒரு வழி கிடையாது. பெரிய தகட்டுக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ். கம்பி தெறிக்கும், முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடிக் கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே தூசிக்கு முகமூடியும் வேண்டும். பிராக்கெட், கீல் போன்ற சின்னச் சாமான்களுக்கு எனக்குப் பிடித்தது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் கிளிப் வேண்டாத பழைய இரும்புத் துண்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ராத்திரி போட்டால் காலையில் துரு கருப்புச் சேறாகி, பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது, தண்ணீரில் நச்சான குரோமியம் சேரும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், கிளிப்பைக் கழற்றுமுன் சார்ஜரை அணையுங்கள். ஸ்பிரிங், உயர்பலப் போல்ட் இரண்டையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை முறுகலாக்கிவிடும்.

நண்பர் சொன்ன கன்வெர்ட்டருக்கு வருகிறேன். அதில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். ஒட்டிப் பிடித்திருக்கும் மெல்லிய துருவைக் கருப்பான, நிலையான படலமாக மாற்றும். செதில் செதிலாகக் கிளம்பும் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் அரிப்பு தொடரும். பிரஷ் எட்டாத குழிகளுக்கு அது நல்ல மருந்து, ஓட்டை விழுந்த தகட்டுக்கு இல்லை. ஓட்டைக்குள் பட்டி அடைத்துத் தேய்ப்பதும் அதே ரகம்தான்.

வெல்டிங்கை காலடித் தகட்டில் பழகுங்கள். துருவைத் தாண்டி, பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டுங்கள். உள்ளங்கை ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிடும், பயப்படாதீர்கள். தகடு சுமார் 1 மில்லிமீட்டர்தான் என்பதால் 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பி, குறைந்த கரண்ட். ஒரே கோடாக இழுக்காமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் தகடு நெளியாது. தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள், பக்கத்தில் வெல்டு என்றால் டேங்கையும் இறக்கிவிடுங்கள். காலி டேங்கும் வெடிக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும்.

சேசிஸ் வெல்டிங்கை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்டீயரிங் பாக்ஸ், ஸ்பிரிங் பிராக்கெட் அருகே சாக்பீஸ் வட்டம் இருந்தால் கைதேர்ந்த வெல்டரைக் கூப்பிடுங்கள். அவரும் ஒட்டுத் தகட்டின் முனையைச் சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெட்டினால் தடுங்கள். அந்தக் கோட்டில்தான் பின்னாளில் விரிசல் ஓடும். முனை சாய்வாகவோ வைர வடிவிலோ இருக்க வேண்டும்.

இயந்திரப் பக்கம் சுருக்கமாக. பிரேக் குழாய்கள் துருத்தட்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும்தான். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி), டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்சில் மேல் இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். சூடான ஆக்சில் நீரோடையில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, அந்தக் குழாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போர்வீலைச் சோதிப்பதை மண்தரையில் செய்யுங்கள். பார்ட் டைம் வகை (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இழுக்கவிடும்) வண்டியைத் தார்ச்சாலையில் போர்வீலில் திருப்பினால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

கடைசியாகப் பூச்சு. சுத்தமான இரும்பின் மேல் எபாக்சி பிரைமர் அடியுங்கள். சாதாரண ஃபில்லர் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அது மட்டும் பூசிய வண்டியை வெளியில் நிறுத்தக்கூடாது. தகடுகள் சேரும் இடுக்குகளில் சீலர். ஐசோசயனேட் என்ற நச்சு கலந்த 2கே பெயிண்டை (இரண்டு பாகம் சேர்த்துக் கலக்குவது) வீட்டுக் கொட்டகையில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம், அதைக் காற்றுக்குழாய் முகமூடி உள்ள பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்கு விடுங்கள். அடியில் தார் மாதிரிக் கெட்டிப் பூச்சு அடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது வெடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். அதற்குப் பதில் பெட்டிச் சட்டத்துக்குள் நீளக் குழாய் விட்டு கேவிட்டி வேக்ஸ் (உட்குழிகளில் தெளிக்கும் மெழுகு) அடியுங்கள். இரண்டு நாளுக்கு அடித்துளைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே அட்டை விரித்துவையுங்கள். சொட்டுகிறதே என்று அந்தத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.