விற்பவரே கண்காணிக்கலாமா? மதுக்கடை, உரிமம், ஓய்வூதியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடைக்குப் போனால் குறைந்த விலையில் கிடைக்கும் அதே மதுவுக்குக் கடலூரில் ஏன் இத்தனை கூடுதல் விலை? (வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: வித்தியாசம் பெரும்பாலும் வரியில்தான் இருக்கிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மனிதர் அருந்தும் மது அதற்குள் கொண்டுவரப்படவில்லை. ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் அந்தந்த அரசின் கையிலேயே இருக்கின்றன. புதுச்சேரி குறைவாக விதிக்கிறது, தமிழ்நாடு அதிகமாக விதிக்கிறது. 2020 மே மாதத்தில் புதுச்சேரி அரசு சிறப்பு வரி போட்டுத் தன் விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு நிகராக்கியது. 2021 ஏப்ரலில் அந்த வரி நீங்கியதும் பழைய இடைவெளி திரும்பிவிட்டது. எல்லைக்கு அப்பால் முறையாக வரி கட்டிய பாட்டில்கூட இப்பால் வந்ததும் ‘பாண்டி சரக்கு’ ஆகி, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு உள்ளாகிறது. வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கும் காவலர் தேடுவது, இரண்டு அரசுகளின் வரி விகிதங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் என்று சொன்னாலும் தவறில்லை.

கேள்வி: டாஸ்மாக்கைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது போன்ற முறைகேடுகள் ஒழியுமா? அரசின் வருமானம் என்ன ஆகும்? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: முதலில் வருமானத்தைப் பார்ப்போம். 2023-24ஆம் ஆண்டில் மதுவின் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து சுமார் 45,855 கோடி ரூபாய். இதை டாஸ்மாக்கின் லாபம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இது வரி, கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் வசூலிக்கக்கூடிய தொகை. எனவே சில்லறை விற்பனையை விட்டுவிட்டால் கஜானா காலியாகிவிடும் என்ற வாதம் பாதி உண்மைதான்.

மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தனியுரிமையாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு கடைகளை எடுத்த தனியார் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து, அரசுக்கு வரவேண்டிய தொகையைக் குறைத்துவிடுகிறார்கள் என்பதே அப்போது கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. அந்த ஆபத்து கற்பனையன்று. சாராயக்கடைகளை ஏலம் விடும் புதுச்சேரியில் ‘கிஸ்தி பாக்கி’ (ஏலம் எடுத்தவர் அரசுக்குக் கட்டாமல் வைத்திருக்கும் தவணைத் தொகை) என்ற சொல்லைக் கேட்காத ஆயத்தீர்வைத் துறை ஊழியர் இருக்க மாட்டார். தில்லி 2021 நவம்பரில் கடைகளை முழுவதும் தனியாருக்கு விட்டு, ஓராண்டு முடிவதற்குள், 2022 செப்டம்பர் 1 முதல், மீண்டும் அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. ஆந்திரம் 2019இல் கடைகளைத் தானே நடத்தத் தொடங்கி, 2024 அக்டோபரில் குலுக்கல் முறையில் தனியாரிடம் திருப்பிக் கொடுத்தது. கடல் கடந்தும் இதே கதைதான்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2012இல் அரசு மதுக்கடைகளைக் கைவிட்டபோது, அத்துடன் சுமத்தப்பட்ட புதிய கட்டணங்களால் கடை விலை ஏறியது.

ஆகவே விற்பவர் யார் என்பதைக் காட்டிலும், விற்பவரைக் கண்காணிப்பவர் யார் என்பதையே நான் முதலில் கேட்பேன். இன்று ஒரே துறையின்கீழ் மதுவிலக்கும் இருக்கிறது, மது விற்பனையும் இருக்கிறது. பூரண மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்று கூறும் அரசமைப்பின் 47ஆவது பிரிவுக்கும், ஆண்டுதோறும் உயரும் வருவாய்க்கும் ஒரே கோப்பில் கையெழுத்திடும் நிலை இது. உரிமம், ஆய்வு, தண்டனை ஆகிய மூன்றையும் விற்பனையில் பங்கில்லாத ஓர் ஆணையத்திடம் பிரித்துக் கொடுக்காமல் கடைகளைத் தனியாருக்கு மாற்றினால், பத்து ரூபாய் வேறொருவர் பைக்குப் போகும், அவ்வளவே. (காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புத்தொகையும் பத்து ரூபாய்தான். நீலகிரியில் 2022இல் தொடங்கிய அந்தத் திட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில், பாட்டிலில் உள்ள ஒட்டுவில்லையைக் காட்டி அதைக் கேட்டு வாங்கலாம். மற்ற பத்து ரூபாய்க்கு ஒட்டுவில்லை கிடையாது.) அரசு நிறுவனம் என்பதால் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் தணிக்கைக்கும், ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கும் கடமைக்கும் டாஸ்மாக் உட்பட்டது. தனியார்மயத்தில் நாம் இழக்கக்கூடிய உண்மையான பொருள் இதுவே.

கேள்வி: என் கணவர் 2003 முதல் டாஸ்மாக் கடையில் விற்பனையாளர். அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் அவருக்குக் கிடைக்குமா? (வாசகி, பண்ருட்டி)

பதில்: இப்போதைய நிலையில் கிடைக்காது. அவர் பணிபுரிவது நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு நிறுவனத்தில்; தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்களை அரசு ஊழியராக விதிகள் கருதுவதில்லை. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டமே அவருக்கு உரியது. பத்தாண்டுப் பணியும் 58 வயதும் நிறைந்தால், ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து வரும் தொகை மாதந்தோறும் கிடைக்கும். சம்பள உச்சவரம்பு 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய், பிறகு 15,000 ரூபாய் என்பதால், பழைய ஆண்டுகளுக்குரிய பங்கு குறைவாகவே வரும். கடைக்குக் கடை இடமாற்றம் பெற்றவர்களுக்குச் சேர்ந்த தேதி பிழையாகப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. பாஸ்புக்கில் அதை இப்போதே சரிபாருங்கள்.

கேள்வி: வண்டிப்பாளையத்தில் சிறிய வீடு கட்ட அனுமதிக்கு இன்னும் அலைய வேண்டுமா? (வாசகர், கடலூர்)

பதில்: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறலாம். பொய்த் தகவல் கொடுத்தால் பொறுப்பு உங்களுடையது. ஒழுங்குமுறையில் எனக்குப் பிடித்த சீர்திருத்தம் இது.

கேள்வி: நான் புதுச்சேரி அரசுப் பள்ளியில் 2006இல் சேர்ந்தேன், தம்பி கடலூரில் அதே ஆண்டு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தான். யாருடைய ஓய்வூதியம் பாதுகாப்பானது? (ஆசிரியர், பாகூர்)

பதில்: உங்களுக்கு 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய ஓய்வூதியத் திட்டம், தம்பிக்கு 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். உங்கள் பணம் நிதி மேலாளர்களிடம் முதலீடாகி, சந்தையோடு ஏறி இறங்கும்; ஓய்வின்போது குறைந்தது 40 விழுக்காட்டுக்கு, தவணையாக ஓய்வூதியம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கியாக வேண்டும். தம்பி செலுத்திய 10 விழுக்காடும் அரசின் நிகரான பங்கும் அரசுக் கணக்கிலேயே வட்டியோடு வளர்ந்தன. சந்தை அபாயம் அவருக்கு இல்லை. ஆனால் அவருக்குப் பணம் தர வேண்டிய அரசே, அதாவது கடன்பட்டவரே, கணக்குப்பிள்ளையாகவும் இருக்கிறார்.

ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 2025 ஏப்ரல் முதல், 25 ஆண்டுப் பணிக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50 விழுக்காட்டை உறுதியளிக்கிறது. தமிழக அரசும் 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு உறுதியளிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் சங்கங்கள் விழுக்காட்டைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. அந்த உறுதிக்கான நிதி ஆண்டுதோறும் தனிக் கணக்கில் சேர்கிறதா, அதை அரசல்லாத ஒருவர் தணிக்கை செய்கிறாரா என்பதே முப்பதாண்டுகளுக்குப் பிறகு ஓய்வுபெறுபவரைப் பாதிக்கும். தம்பி இப்போது செய்ய வேண்டியது ஒன்றுண்டு: ஆண்டுக் கணக்குத்தாளில் விடுபட்ட மாதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் சம்பளம் வழங்கும் அலுவலர் வழியாக இந்தக் கணக்கைப் பராமரிக்கும் அரசு தகவல் தொகுப்பு விவர மையத்துக்குச் சம்பளப் பிடித்தப் பட்டியலின் நகலோடு உடனே எழுத வேண்டும்.