காற்றை நம்பிக் கடலில் வாழ்பவை: வாசகர் கேள்வி பதில்

குமரி மேற்குக் கடற்கரையிலிருந்தும் கேரள எல்லைக்கு அப்பால் உள்ள தமிழ் வாசகர்களிடமிருந்தும் கடலைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றுள் ஓங்கில் (டால்பின்), திமிங்கலம், ஆவுளியா (கடற்பசு) ஆகிய பாலூட்டிகள் தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஓங்கில் காற்றைத்தானே சுவாசிக்கிறது? அப்படியிருக்க, கரையில் ஒதுங்கினால் ஏன் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது? அதே ஓங்கில் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகிறதே, அது எப்படி? (வாசகர், நீரோடி)

இரண்டு சாவுகளுக்கும் காரணம் வேறுவேறு. முதலில் வலையைப் பார்ப்போம். ஓங்கிலின் மூக்கு அதன் உச்சந்தலையில் ஒரே துளையாக அமைந்திருக்கிறது. அந்தத் துளை இயல்பாக மூடியே இருக்கும். தசையை இறுக்கினால்தான் திறக்கும். நமக்கு மூச்சு தூக்கத்திலும் தானாக நடக்கிறது. ஓங்கிலோ மேலே வந்து, துளையைத் திறந்து, தானே முனைந்து ஒவ்வொரு மூச்சையும் எடுக்க வேண்டும். இதற்காகவே அதன் மூளையில் ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறது. மேலும், அதன் குரல்வளை நீண்டு மூக்குக் குழாயோடு பொருந்தி நிற்பதால், வாய் வழியாகச் சுவாசிக்க அதற்கு வழியில்லை. சாளையையும் அயிலையையும் நீருக்கடியில் விழுங்கும்போது நுரையீரலுக்குள் தண்ணீர் புகாமல் காப்பது இந்த அமைப்புதான். ஆனால் நைலான் இழையாலான தங்கூசி வலையில் வாலோ துடுப்போ மாட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் போகும்போது, ஓங்கில் மூக்கை இறுக மூடியபடியே போராடிப் போராடி, இருந்த பிராணவாயு தீர்ந்து இறக்கிறது.

கரையில் நடப்பது வேறு. கடலில் உடலின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அந்த எலும்புக்கூடு தரையில் எடையைச் சுமப்பதற்காக அமைந்ததே அன்று. மணலில் கிடக்கும்போது சொந்த எடையே மார்புக்கூட்டை அழுத்தி நுரையீரலை விரியவிடாமல் செய்கிறது. அடியில் நசுங்கும் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இதற்கு மேல் வெயில். குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காப்பதற்காக அமைந்த கொழுப்புப் போர்வை, கரையில் அந்த வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்துவிடுகிறது. தோலும் காய்ந்து வெடிக்கிறது.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் எண்பதுக்கும் மேல் கரை ஒதுங்கியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். 1973 ஜனவரியிலும் அதே கடற்கரையில் 147 ஒதுங்கியிருந்தன. மீனவர்கள் இழுத்துக் கடலுக்குள் விட்ட சில, மறுபடியும் கரைக்கே திரும்பின. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. எனவே ஒன்றை மட்டும் மீட்டால் போதாது.

உங்கள் கரையில் உயிரோடு ஒன்று ஒதுங்கினால், வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காதீர்கள், மூட்டு கழன்றுவிடும். வயிறு தரையில் படும்படி நேராகக் கிடத்தி, ஈரத்துணியால் மூடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். உச்சித் துளையின் மேல் மட்டும் துணியும் படக்கூடாது, தண்ணீரும் படக்கூடாது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குவதும், செல்பி எடுப்பவர்களைத் தடுப்பதும் உதவியே. வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள்.

கேள்வி: சிப்பி எடுக்க மூழ்குகிற எங்கள் ஊர் ஆட்கள் ஓரிரு நிமிடங்களில் மேலே வந்துவிடுகிறார்கள். திமிங்கலம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? (வாசகர், கடியப்பட்டணம்)

பெரிய நுரையீரலில் நிறையக் காற்றை நிரப்பிக்கொண்டு போகிறது என்று பலரும் நினைப்பது இயல்பு. உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. ஆழத்தில் மூழ்கும் திமிங்கலம் பிராணவாயுவை நுரையீரலில் சேமிப்பதைவிட இரத்தத்திலும் தசையிலும்தான் அதிகம் சேமிக்கிறது. அதன் தசையில் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் மிகுதியாக இருப்பதால் இறைச்சி கருஞ்சிவப்பாகத் தெரியும். மூச்சு விடுவதிலும் அது நம்மைவிடக் கெட்டி: நாம் சாதாரணமாக ஒரு மூச்சில் நுரையீரல் காற்றில் பத்துப் பதினைந்து விழுக்காட்டை மட்டுமே மாற்றுகிறோம், திமிங்கல இனங்கள் எண்பது விழுக்காடு வரை மாற்றிவிடுகின்றன.

உள்ளே போனதும் சிக்கனம் தொடங்குகிறது. இதயத்துடிப்பு குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் தொடர, மற்ற உறுப்புகளுக்குப் போவது சுருங்குகிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், கலிபோர்னியக் கடலில் ஒரு நீலத் திமிங்கலத்தின் மேல் கருவியை ஒட்டிப் பதிவு செய்தபோது, மேற்பரப்பில் நிமிடத்துக்கு 25 முதல் 37 வரை இருந்த துடிப்பு, ஆழத்தில் சில வேளை 2 ஆகக் குறைந்தது தெரியவந்தது. முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால் மனித இதயமும் சற்றுத் தணிகிறது. உங்கள் ஊர் சிப்பிக்காரர்களுக்கும் அந்த வரம் சிறிதளவு உண்டு.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. குவியர் அலகுத் திமிங்கலம் 2,992 மீட்டர் வரை மூழ்கியது பதிவாகியுள்ளது. அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு. அதே இனத்தின் மற்றொன்று 222 நிமிடங்கள் மூச்சடக்கியிருந்தது. இவ்வளவு அழுத்தத்துக்கு நெகிழும் விலா எலும்புகள் உள்வாங்கிக்கொள்ள, நுரையீரல் சுருங்கி, மிஞ்சிய காற்று மூச்சுக்குழாய்க்குத் தள்ளப்படுகிறது. அங்கிருந்து நைட்ரஜன் இரத்தத்தில் கரைவது அரிது. சிலிண்டர் கட்டி மூழ்குபவர் வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகி முடங்கிப்போகும் ஆபத்திலிருந்து திமிங்கலம் பெரும்பாலும் தப்புவது இதனால்தான்.

கேள்வி: நம் கடல் வெதுவெதுப்பானது. இங்கேயும் ஓங்கில்களுக்குக் கொழுப்புப் போர்வை தேவைதானா? (வாசகி, குளச்சல்)

தேவைதான். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். 28 பாகைக் கடல்நீர் நமக்கு இதமாக இருக்கலாம். 37 பாகைக்கு அருகில் வெப்பத்தைக் காத்துக்கொண்டு, ஒரு நாளும் கரையேறாமல் வாழும் உயிருக்கு அது ஓயாத கசிவு. ஆனாலும் போர்வையின் கனம் இடத்துக்கு இடம் மாறும். வடதுருவக் கடலில் வாழும் வில்தலைத் திமிங்கலத்துக்கு அது நாற்பது சென்டிமீட்டரையும் தாண்டும். வெப்பக்கடல் ஓங்கில்களுக்குச் சில சென்டிமீட்டர்களே.

கொழுப்பே இல்லாத துடுப்பிலும் வாலிலும் என்ன செய்வது? அங்கே, சூடான இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் தமனியைச் சுற்றிக் குளிர்ந்த இரத்தம் திரும்பும் சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. போகும் இரத்தத்தின் சூட்டை வரும் இரத்தம் வாங்கிக்கொண்டு உடலுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. உடல் சூடேறிவிட்டால், தோலுக்கு அருகே உள்ள வேறு சிரைகள் வழியாக இரத்தத்தை அனுப்பி வெப்பத்தைக் கடலிலேயே கழித்துவிடவும் முடியும். ஆண் ஓங்கிலின் விரைகள் வயிற்றுக்குள் இருந்தும் சூட்டால் கெடாமல் இருப்பதற்கு, வாலிலிருந்தும் முதுகுத் துடுப்பிலிருந்தும் வரும் இந்தக் குளிர்ந்த இரத்தமே காரணம்.

கேள்வி: ஓங்கிலும் திமிங்கலமும் உப்புத் தண்ணீரையா குடிக்கின்றன? (பள்ளி மாணவி, களியக்காவிளை)

பெரும்பாலும் குடிப்பதே இல்லை. தின்னும் மீனிலும் கணவாயிலும் உள்ள நீரும், கொழுப்பு செரிக்கும்போது உடலுக்குள் உண்டாகும் நீரும் அவற்றுக்குப் போதும். திராட்சைக் குலைபோலப் பல நூறு சிறு பகுதிகளாலான சிறுநீரகம், மிஞ்சிய உப்பைச் செறிந்த சிறுநீராக வெளியேற்றிவிடுகிறது.

கேள்வி: திமிங்கலத்தின் முன்னோர் நிலத்தில் நடந்தவை என்று பாடத்தில் சொல்கிறோம். குழந்தைகள் நம்பும்படி எதைக் காட்டுவது? (ஆசிரியர், மார்த்தாண்டம்)

வாலைக் காட்டுங்கள். மீனின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசைகிறது. ஓங்கிலின் வால் கிடையாக விரிந்து மேலும் கீழுமாக அடிக்கிறது. ஓடும் நாயின் முதுகெலும்பும் மேலும் கீழுமாகவே வளைகிறது. நிலத்தில் ஓடிய விலங்கின் அசைவை அதன் வழித்தோன்றல் கடலுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறது. துடுப்பின் எலும்பு வரைபடத்தில் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். இடுப்பெலும்பின் மிச்சம் எதனோடும் மூட்டாமல் தசைக்குள் கிடக்கிறது.

புதைபடிவத்துக்கும் நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஜம்மு காஷ்மீரில் இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்க ராவ் திரட்டிய பாறைகளிலிருந்துதான், சிறு மான் போன்ற குளம்புள்ள இந்தோகியஸ் என்னும் விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அதன் காது எலும்பின் தடிப்பு திமிங்கலங்களுக்கே உரிய அடையாளத்தை ஒத்திருப்பதை 2007இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. குஜராத்தின் கட்ச் பகுதியிலும் கால்களுள்ள பழந்திமிங்கலங்களின் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. இன்று வாழும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை.

கேள்வி: பாக் விரிகுடாவில் உள்ள ஆவுளியா எங்கள் கரைப்பக்கம் ஏன் வருவதில்லை? (வாசகர், கொல்லங்கோடு)

அதற்கு இங்கே சாப்பாடு இல்லை. ஆவுளியா கடற்புல்லை மேய்ந்து வாழும் விலங்கு. நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ தின்னும். அந்தப் புல் வளர ஆழமில்லாத, அலை அடங்கிய, வெயில் தரையைத் தொடும் கடல் வேண்டும். உங்கள் கரையில் அலை மணலைப் புரட்டியபடியே இருக்கிறது.

அதன் உடலமைப்பும் மேய்ச்சலுக்கு ஏற்றதே. ஆழ்கடல் திமிங்கலங்களுக்கு மாறாக, ஆவுளியாவின் விலா எலும்புகள் உள்துளையின்றித் தடித்துக் கனத்திருக்கும்; அந்தக் கனம், மேயும்போது மிதந்து மேலெழாமல் தரையோடு அதைப் பிடித்துவைக்கிறது. நுரையீரல் முதுகெலும்பை ஒட்டி நீளமாகக் கிடப்பதால் உடல் சாயாமல் கிடையாக நிற்கிறது. மூச்சடக்கும் நேரம் சில நிமிடங்களே என்பதால் அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் முன் அது அகப்படுவதும் இதனால்தான். தமிழக அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. அங்கே காக்கப்படுவது விலங்கு மட்டுமன்று, அது மேயும் புல்வெளியும்தான்.